நீலத்துக்கு அடியில் தங்க நிறம்: ஒரு 1965 மஸ்டாங் எஞ்சின் பெயிண்டின் நிகழ்வு ஆய்வு

கேள்வி இதுதான். 1965 ஜூலை கடைசியில் டியர்பார்ன் தொழிற்சாலையில் உருவான ஒரு ஃபோர்டு மஸ்டாங். பிளாக், ஹெட், வால்வ் கவர், ஏர் கிளீனர் என்று எஞ்சினில் கண்ணில் படுவதெல்லாம் நீலம். அந்த நீலம் ஃபோர்டு அடித்ததா, பிற்பாடு வேறு யாராவது அடித்ததா?

ஓஹையோவில் ஒரு ரெஸ்டரேஷன் பட்டறையில் அந்த எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்பே இதற்கு விடை தெரிந்தாக வேண்டியிருந்தது. வழக்கமாக என்ன நடக்கும் என்றால், எஞ்சினை வெளியே தூக்கியதும் பாகம் பாகமாகக் கழற்றி, சூடான காரத் தொட்டியில் முக்கி, வெறும் இரும்பாக எடுத்துவிடுவார்கள். வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் பெயிண்ட் போனதோடு, அந்த எஞ்சின் தன்னைப் பற்றிச் சொல்லக்கூடிய பாதி விஷயமும் போய்விடும். இந்த வண்டியின் உரிமையாளர் அவசரப்படவில்லை. முதலில் பாருங்கள், அப்புறம் கழுவிக்கொள்ளலாம் என்றார். அதனால்தான் இதையெல்லாம் எழுத முடிகிறது.

ஃபோர்டு என்ன அடித்தது

மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் வெளியானது. அப்போது அதன் எஞ்சின்களுக்கு இரட்டை நிறம். பிளாக், ஹெட், இன்டேக் மேனிஃபோல்டு எல்லாம் கருப்பு. வால்வ் கவரும் ஏர் கிளீனரும் மட்டும் எஞ்சின் வகைக்குத் தகுந்தபடி மாறும். ஆறு சிலிண்டர் என்றால் சிவப்பு. 260 கன அங்குல வி8 என்றால் வெளிர் நீலம். 289 கன அங்குல வி8 என்றால் தங்க நிறம். வண்டி எண்ணில் K என்ற எழுத்தால் குறிக்கப்படும், 271 குதிரைத்திறன் கொண்ட கே கோட் 289-க்கு மட்டும் குரோம் பூசிய கவர். பானட்டைத் தூக்கினால் போதும், எந்த எஞ்சின் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

1966 மாடலில் இந்த ஏற்பாடு முடிந்துபோனது. ஆறு சிலிண்டரோ எட்டு சிலிண்டரோ, எல்லா எஞ்சினுக்கும் ஒரே நீலம். வால்வ் கவர், ஏர் கிளீனர் உட்பட. கே கோடின் குரோம் மட்டும் தப்பித்தது.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றால், 260-ன் கவரில் இருந்ததும் நீலம், 1966-ல் வந்ததும் நீலம். இரண்டும் வேறு வேறு. முன்னது வெளிறிய வான நீலம், பின்னது நல்ல அடர் நீலம். உதாரணமாக, முதல் வரிசை எண்ணான 100001 கொண்ட மஸ்டாங் இன்று டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தைச் சேர்ந்த விமானி ஸ்டான்லி டக்கர் 1964-ல் வாங்கி ஓட்டிய வண்டி. 1966-ல் பத்து லட்சத்து ஓராவது மஸ்டாங்கை அவருக்குக் கொடுத்துவிட்டு ஃபோர்டு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதன் எண் 5F08F100001. முதல் 5 மாடல் ஆண்டு 1965, F டியர்பார்ன், 08 திறந்த கூரை வண்டி, அடுத்த F 260 வி8. ஆக, கருப்பு பிளாக்கும் வெளிர் நீலக் கவரும்தான் அதற்குரிய நிறம். இப்படி ஆரம்பகால வண்டியில் ஏதோ ஒரு நீலத்தைப் பார்த்தவர்கள், பழைய ஃபோர்டு எஞ்சின் என்றாலே நீலம் என்று முடிவு கட்டி, 1965-ன் கருப்பு பிளாக்கையும் சேர்த்து அடர் நீலத்தில் முக்கி எடுத்துவிடுகிறார்கள். கடையில் ஃபோர்டு நீலம் என்று எழுதிய டப்பா சுலபமாகக் கிடைப்பதும் ஒரு காரணம்.

இந்த வண்டி

இதன் எண் 5F09A என்று தொடங்குகிறது. 09 என்பது ஃபாஸ்ட்பேக், கூரை பின்பக்கம் வரை சரிந்து இறங்கும் உடல். A என்பது நான்கு வாய் கார்புரேட்டர் வைத்த 289. 225 குதிரைத்திறன், கம்ப்ரஷன் 10-க்கு 1, பிரீமியம் பெட்ரோல் கேட்கும். கதவில் உள்ள தகட்டில் தேதிக் குறி 26G. ஃபோர்டின் கணக்கில் ஜனவரி A. H-க்கு அடுத்து I-ஐ விட்டுவிட்டு J. அதன்படி G ஜூலை. 1966 மாடல் மஸ்டாங்குகளின் உற்பத்தி ஆகஸ்ட் 1965-ல் தொடங்கியது. அதாவது இந்த வண்டி பழைய நிறத்தின் கடைசி வாரங்களில் நிற்கிறது.

விற்றவர் சொன்ன வாதமும் இதை வைத்துத்தான்: கடைசி நேர வண்டி, அதனால் புது நீல எஞ்சின் முன்கூட்டியே ஏறிவிட்டது. எடுத்த எடுப்பில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை இது. எஞ்சின் ஓர் ஊரில் உருவாகி, வண்டி இன்னோர் ஊரில் உருவாகும்போது மாடல் மாறும் சமயத்தில் கலப்பு வர வாய்ப்பு உண்டு. ஆகவே மூன்று சாத்தியங்களை வைத்துக்கொண்டோம். ஒன்று, நீலம் தொழிற்சாலையுடையது. இரண்டு, இது 1966 வண்டியிலிருந்து கழற்றி மாட்டிய வேறு எஞ்சின். மூன்று, சரியான எஞ்சின்தான், பிற்பாடு நீலம் அடித்திருக்கிறார்கள்.

வண்டி எண்ணை எஞ்சினில் தேடிப் பார்த்து முடிக்கலாமே என்று தோன்றும். 1965-ல் கே கோட் எஞ்சின்களில் மட்டும்தான் வண்டி எண்ணை அடித்தார்கள். A கோட் எஞ்சினில் அது இருக்காது. வார்ப்புத் தேதிகளும் பெயிண்டும்தான் கையில் இருக்கும் சாட்சிகள்.

தேதிகள்

ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றினால் பிளாக்கின் வலது பின்பக்கம் வார்ப்பு எண்ணும் தேதியும் தெரியும். எண் C5AE என்று தொடங்குகிறது: C அறுபதுகள், 5 என்றால் 1965, A ஃபோர்டின் பெரிய கார் வரிசை, E எஞ்சின் பிரிவு. தேதி 5F21. 1965 ஜூன் 21. இன்டேக் மேனிஃபோல்டில் 5F16. காயில் போல்ட்டுக்கு அடியில் இருந்த அலுமினியத் தகடு தப்பித்திருந்தது. அதில் 289, 65, மாதம் G. ஜூனில் வார்த்து, ஜூலையில் பூட்டி, ஜூலைக் கடைசியில் வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். எல்லாம் பொருந்துகிறது. இரண்டாவது சாத்தியம் இத்தோடு அடிபட்டது.

ஆனால் மற்ற இரண்டையும் தேதி பிரித்துக் காட்டாது. அதற்குப் பெயிண்ட்தான் வேண்டும்.

பெயிண்டை எங்கே பார்ப்பது

மேலே, வெளிச்சம் படும் இடத்தில் பார்ப்பதால் பெரிய பயன் இல்லை. அடிப்பவர் கவனமாக அடித்த இடம் அதுதான். கை நுழையாத இடத்தில்தான் உண்மை தங்கும்.

எஞ்சினைத் தொங்கவிட்டுக் கீழிருந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். ஆயில் சம்ப் கருப்பு. அதில் நீலம் ஒரு பொட்டுக்கூட இல்லை. எஞ்சின் மவுண்ட் பிராக்கெட்டைக் கழற்றியபோது, அதைச் சுற்றி பிளாக்கின் அடிப்பாதி முழுக்கக் கருப்பு. பிராக்கெட் உட்கார்ந்திருந்த இடத்தின் மேல் விளிம்பு வரைதான் நீலம் இறங்கியிருந்தது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கின் மேல்பாகத்தில் நீலத் தூறல், கீழே எதுவும் இல்லை. ஹீட்டர் ஹோஸ் கிளாம்ப்பில் நீலம். ஆட்டோலைட் 4100 கார்புரேட்டரின் மஞ்சள் சாயல் படிந்த உடம்பில், திராட்டில் லீவருக்குப் பின்னால் நீலம். எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் இடையில் உள்ள தடுப்பான ஃபயர்வாலின் மங்கல் கருப்பில்கூட ஒரு கையகல நீலப் புகை.

தொழிற்சாலையில் எஞ்சினுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது அது வண்டிக்குள் இருக்காது. ஹோஸ் இருக்காது, ஃபயர்வால் பக்கத்தில் இருக்காது. அடிப்பவருக்கு அடிப்பாகமும் எட்டும். இங்கே தலைகீழ்: எட்ட வேண்டிய சம்ப்பில் பெயிண்ட் இல்லை, எட்டக் கூடாத ஃபயர்வாலில் இருக்கிறது. வண்டிக்குள் எஞ்சின் உட்கார்ந்திருக்க, ஒருவர் கிரில் பக்கமாகக் குனிந்து நின்று மேலிருந்து அடித்திருக்கிறார். அவர் கை போன பாதையே தெரிகிறது.

அடுத்து இன்டேக் மேனிஃபோல்டு போல்ட். இதை ஒவ்வொரு பழைய எஞ்சினிலும் பார்க்கச் சொல்வேன். ஒரு போல்ட்டை மெதுவாகக் கழற்றினால், அதன் தலை உட்கார்ந்திருந்த இடத்தில் வட்டமாக வெறும் இரும்பு தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால், பூட்டி முடித்த பிறகுதான் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பாகங்களைத் தனித்தனியாக அடித்துப் பிறகு பூட்டியிருந்தால் அந்த வட்டத்துக்குள்ளும் பெயிண்ட் இருக்கும். இந்த எஞ்சினில் வட்டம் வெறும் இரும்பு. வட்டத்தின் ஓரத்தில் முதலில் கருப்பு, அதன்மேல் நீலம். அந்த வரம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் கருப்பின் விளிம்பு போல்ட் தலையோடு ஒட்டி உடைந்திருக்கிறது. நீலம் போல்ட் தலையின் கிரீஸ் அழுக்கின்மேல் ஏறி நிற்கிறது. அந்த அழுக்கு சேர வருடங்கள் பிடித்திருக்கும். கருப்புக்கு அடியில் பிரைமர் எதுவும் இல்லை, நேரே இரும்பு.

கவனியுங்கள், அந்தக் கருப்பு அழகாக இல்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பின்னால் மெலிந்து இரும்பு தெரிகிறது. வாட்டர் பம்ப்புக்குக் கீழே ஒழுகி உறைந்திருக்கிறது. இன்று ரெஸ்டோர் செய்யும் எஞ்சின்களில் கண்ணாடி மாதிரி மின்னும் கருப்பைப் பார்க்கிறோம். 1965-ல் அப்படி ஓர் எஞ்சின் வரிசையில் வந்திருக்காது. ஒழுகலையும் மெலிவையும் குறை என்று நினைத்துச் சரிசெய்வது, இந்தத் துறையில் நான் மிகவும் வருந்தும் பழக்கம்.

எதிர்பாராத நீலம்

பெயிண்டின் அடுக்குகளைப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. மெல்லிய உப்புத்தாளை, 1000 அல்லது 1500 எண் கொண்டதை, தண்ணீரில் நனைத்து ஒரே இடத்தில் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். நடுவில் அழுத்தி, ஓரத்தில் லேசாக. ஒவ்வொரு அடுக்கும் வளையமாக விரிந்து தெரியும். உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், தூசி மூக்குக்குள் போகும். முகக்கவசமும் அவசியம்.

இடது ஹெட்டில் தேய்த்தோம்: இரும்பு, கருப்பு, நீலம். எதிர்பார்த்ததுதான்.

வலது ஹெட்டில் தேய்த்தோம்: இரும்பு, அடர் நீலம், அதன்மேல் இன்னொரு நீலம். கருப்பே இல்லை.

இரண்டாவது முறை வேறு இடத்தில் தேய்த்தும் அதேதான். மேலே இருந்த நீலம் கொஞ்சம் பளிச்சென்ற, புதுச் சாயல். தின்னர் நனைத்த துணியால் துடைத்தால் கரைந்து வந்தது. அடியில் இருந்த நீலம் அடர்த்தியாக, இரும்போடு இறுகி, தின்னருக்கு அசையவில்லை. முதல் சாத்தியத்துக்கு உயிர் வந்துவிட்டதோ என்று ஒரு கணம் தோன்றியது.

வால்வ் கவரைக் கழற்றிப் பார்த்ததும் விஷயம் வெளிச்சமானது. இடது ஹெட்டின் தேதி 5F18. வலது ஹெட்டின் தேதி 6B8. 1966 பிப்ரவரி 8. வண்டி உருவாகி ஆறு மாதத்துக்கும் மேல் கழித்து வார்த்த ஹெட். அது 1966 மாடல் எஞ்சினிலிருந்து வந்தது, அதனால் பிறப்பிலேயே நீலம். எப்போதோ வலது ஹெட்டை மாற்ற வேண்டி வந்திருக்கிறது. மாற்றியதும் ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் நீலம். பார்க்கச் சகிக்காமல், எல்லாவற்றையும் நீலமாக்கிவிட்டார்கள். ஒழுங்கீனமாகச் செய்த வேலை இல்லை அது. கையில் வந்த ஹெட்டின் நிறத்துக்கு மற்றதை ஒத்துப்போக வைத்திருக்கிறார் ஒரு மெக்கானிக்.

இதில் இன்னொரு நுணுக்கம். 289-ன் சாதாரண ஹெட்களில் ஃபோர்டு 1966-ன் நடுவில் ஒரு மாற்றம் செய்தது. அதுவரை, வால்வைத் திறக்கத் தள்ளும் தண்டான புஷ்ராடை நேராகப் பிடித்து வைத்தது ஹெட்டில் இருந்த நீள்வட்டத் துளை. அதற்குப் பிறகு துளை பெரிதாகி, வால்வை அழுத்தும் நெம்புகோலான ராக்கர் ஆர்மே வால்வ் முனையின் இரு பக்கமும் விளிம்பு வைத்துப் பிடித்துக்கொள்ளும் முறை வந்தது. பிப்ரவரி 1966 ஹெட்டில் பழைய துளைதான் இருக்கிறது. அதனால்தான் இடது பக்கத்து ராக்கர் வகையே வலது பக்கமும் பொருந்தி, வண்டி இத்தனை காலம் பிரச்சினை இல்லாமல் ஓடியிருக்கிறது. சில மாதம் தள்ளி வார்த்த ஹெட்டாக இருந்திருந்தால் ஒரு பக்கம் ஒரு ராக்கர், மறுபக்கம் வேறு ராக்கர் என்று ஆகியிருக்கும்.

தங்க நிறம்

வால்வ் கவர்களுக்கு வருவோம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இது.

இடது கவரின் கீழ் உதட்டில், கேஸ்கட்டை ஒட்டிய மடிப்பில், நகத்தால் நீவினாலே நீலம் செதிலாக வந்தது. அடியில் தங்க நிறம். மோதிரத் தங்கத்தின் மினுக்கு இல்லை. கொஞ்சம் பழுப்பு கலந்த, அடக்கமான நிறம். நீலம் அடித்தவர் அடியில் இருந்த பெயிண்டைத் தேய்க்கவில்லை, எண்ணெய்ப் பிசுக்கைக்கூடச் சரியாகத் துடைக்கவில்லை. அந்த அலட்சியம்தான் தங்கத்தைக் காப்பாற்றியிருக்கிறது. பிசுக்கின்மேல் பிடித்த நீலம் அடியோடு ஒட்டவே இல்லை.

ஜெல் வடிவ மென்கரைப்பானை விரற்கடை அகலத்துக்குத் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் நீலத்தை மட்டும் எடுத்தோம். மேல் நீலம் நெகிழ்வதற்கும் அடித் தங்கம் நெகிழ்வதற்கும் இடையில் உள்ள அவகாசம் குறைவு. தடவிவிட்டுத் திரும்பிப் பார்க்கக்கூட முடியாது. கவரின் பெரும்பகுதி பழைய பெயிண்டோடு மீண்டது. எக்ஸாஸ்ட் பக்கத்து ஓரத்தில் சூட்டால் கருகிப் பழுப்பேறியிருக்கிறது. ஆயில் ஊற்றும் வாயைச் சுற்றித் தேய்ந்து தகரம் தெரிகிறது. அதைத் தொடக் கூடாது என்றேன். உரிமையாளருக்கும் அதே எண்ணம்.

வலது கவர் அவ்வளவு அதிர்ஷ்டம் செய்யவில்லை. ஹெட்டை மாற்றியபோது அதைக் கழற்றிக் கம்பிப் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்திருக்கிறார்கள். உள்மடிப்பிலும் மூலைகளிலும் மட்டும் தங்கத் துணுக்குகள்.

ஏர் கிளீனர் மூடியில் ஸ்டிக்கரைச் சுற்றி நீலத்தை டேப் ஒட்டி அடித்திருந்தார்கள். ஸ்டிக்கரின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்த இடத்தில், அதற்கு நேர் கீழே, வெயிலும் சூடும் அதிகம் படாத தங்க நிறம் இருந்தது. இந்த எஞ்சினின் தங்க நிறத்துக்கு இதைவிட நம்பகமான மாதிரி கிடையாது. கடையில் விற்கும் டப்பாத் தங்கம் இரண்டை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்று மஞ்சளாக அடித்தது, இன்னொன்று பச்சை ஓடியது. பெயிண்ட் கடையில் நிறமானிக் கருவியை வைத்து அளந்தால் உலோகத் துகள் உள்ள பெயிண்டுக்கு எண் ஒரே மாதிரி வருவதில்லை. துகள் படுத்திருக்கும் கோணத்தைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் மாறும். கடைசியில் கண்ணைத்தான் நம்ப வேண்டியிருந்தது. பகல் வெளிச்சத்தில், மேகம் மூடிய நேரத்தில், தகரத் துண்டுகளில் அடித்து ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த நிறத்தோடு ஒப்பிட்டுக் கலவையை முடிவு செய்தோம்.

என்ன செய்தோம்

எஞ்சினை உள்வேலைக்குப் பிரித்தாக வேண்டியிருந்தது, அதனால் பிளாக்கின் கருப்பை முழுதாகக் காப்பாற்ற வழியில்லை. மறுபடி பூட்டும்போது ஹெட், இன்டேக், வாட்டர் பம்ப், டைமிங் கவர், சம்ப் எல்லாம் ஏற்றிய பிறகு, போல்ட்டுகளோடு சேர்த்து ஒரே மூச்சில் கருப்பு அடித்தோம். பிரைமர் இல்லை, பாலிஷ் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பின்னால் எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ அவ்வளவுதான்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் யாரோ வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டோம். அது வெறும் வார்ப்பிரும்பாகவே இருக்க வேண்டிய பாகம். வெறுமனே விட்டால் துருவேறும் என்பதால் வார்ப்பிரும்பு நிறத்திலேயே சூடு தாங்கும் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்திருக்கிறோம். இந்தச் சமரசம் எனக்குச் சம்மதம்தான்.

வலது கவரில் புதுக் கலவை. இடது கவரில் பழைய பெயிண்ட் அப்படியே. இரண்டும் ஒன்றுபோல இல்லை, இருக்கவும் முடியாது. புதுசை அழுக்காக்கிப் பழசாகக் காட்டலாம் என்று பட்டறையில் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று விட்டோம். போலி வயது சேர்த்தால், பிறகு பார்ப்பவருக்கு எது நிஜம் என்று தெரியாமல் போய்விடும்.

வலது ஹெட்டைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். ஜூன் 1965 தேதியிட்ட ஹெட் ஒன்றைத் தேடிப் பிடிப்பது முடியாத காரியம் இல்லை. மஸ்டாங் கிளப் ஆஃப் அமெரிக்காவின் தரோபிரெட் பிரிவு மாதிரி, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வண்டி இருக்க வேண்டும் என்று கேட்கும் போட்டிகளுக்குப் போகிறவர்கள் அப்படித் தேடுகிறார்கள். வண்டி எண் அடிக்காத எஞ்சின் என்பதால், மாற்றி வைத்தால் யாராலும் கண்டுபிடிக்கவும் முடியாது. கண்டுபிடிக்க முடியாது என்பதே எனக்கு அதில் பிடிக்காதது. தேதி ஒத்துப்போகும், ஆனால் இந்த எஞ்சினுக்கு நேராத ஒரு வரலாறு அதில் ஏறிவிடும்.

6B8 ஹெட் அதன் இடத்திலேயே இருக்கிறது. வெளிப்பக்கம் மற்ற பாகங்களோடு சேர்ந்து கருப்பு. ஃபயர்வாலைப் பார்த்த பின்முகத்தை மட்டும் டேப் ஒட்டி மறைத்து, அடர் நீலத்தையும் அதன்மேல் இருந்த பளிச் நீலத்தையும் அப்படியே விட்டுவைத்தோம். இடது ஹெட்டின் பின்முகத்திலும் பழைய கருப்பும் நீலமும் அதேபோல. இரண்டு வளையங்களின் படங்கள், இரு ஹெட்களின் தேதிகள், தங்கக் கலவையின் தகரத் துண்டு எல்லாம் வண்டியின் கோப்பில் இருக்கின்றன. வண்டியை விற்றால் கோப்பும் கூடவே போகும் என்று உரிமையாளர் எழுதி வைத்திருக்கிறார்.